ஆபீஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்: லைசென்ஸ் எத்தனை, எந்த வகை, எப்படிப் போடுவது

விண்டோஸ் சர்வரில், பல பேர் தூரத்திலிருந்து அதன் திரையைத் திறந்து வேலை செய்ய விடும் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்ற வசதியை (ரோல் என்பார்கள்) போட்டதும் எல்லாம் நன்றாகவே ஓடும். பத்துப் பேர் உள்ளே வருவார்கள், டாலி திறக்கும், பில் பிரிண்ட் ஆகும். லைசென்ஸ் எங்கே என்று விண்டோஸ் உடனே கேட்காது. 120 நாள் அவகாசம் கொடுக்கிறது. டிசம்பர் 1-ஆம் தேதி ரோலைப் போட்டு அன்றே ஆட்களை உள்ளே விட்டால் அந்த அவகாசம் முடிவது மார்ச் 31. வருடக் கணக்கு முடிக்கிற நாளில், லைசென்ஸ் தர லைசென்ஸ் சர்வர் இல்லை என்ற செய்தியோடு கடலூர் ஆபீஸிலும் புதுச்சேரி கிளையிலும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுந்தால், அன்றைக்கு அவசரத்தில் வாங்குகிற லைசென்ஸ் பெரும்பாலும் தப்பான வகையாக இருக்கும், இல்லையென்றால் தப்பான பதிப்பாக இருக்கும்.

அதனால் எண்ணிக்கைதான் முதல் வேலை. விலை கேட்பது, ரோல் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

வாங்க வேண்டியது ஒன்றல்ல

விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ப்ராசஸர் கோர் கணக்கில் வருகிறது. ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் 24 கோர் இருந்தால் 24-க்கும் எடுத்தாக வேண்டும். ஸ்டாண்டர்ட் எடிஷனில் எல்லாக் கோர்களுக்கும் ஒரு முறை எடுத்தால் அதன் மேல் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுபவை) ஓட்டலாம். இந்த இரண்டு என்ற எண் கீழே ஒரு இடத்தில் கழுத்தைப் பிடிக்கும், நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது சாதாரண க்ளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். சுருக்கமாகக் கேல் என்பார்கள். சர்வரின் ஃபைல் ஷேரையோ பிரிண்டரையோ தொடுகிற ஆளுக்கு, அல்லது கருவிக்கு, இது வேண்டும். இதை எங்கேயும் நிறுவுவதில்லை. வாங்கிய காகிதம்தான் ஆதாரம். நிறுவுவதில்லை என்பதாலேயே பலர் இதை வாங்க மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் ஆர்டிஎஸ் கேல், அதாவது ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸுக்கான கேல். சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து பயன்படுத்துகிற ஒவ்வொருவருக்கும், அல்லது ஒவ்வொரு கருவிக்கும், இது தனியாக வேண்டும். சாதாரண கேலுக்கு இது மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்தே வேண்டும். மலிவாக வந்த விலைப்பட்டியலில் இந்த இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மலிவுக்குக் காரணம் அதுதான்.

ஆர்டிஎஸ் கேல் இல்லாமலே ஒரே நேரத்தில் இரண்டு பேர் உள்ளே போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் அந்த இரண்டு இணைப்பும் சர்வரைப் பராமரிப்பதற்காக மட்டும் தரப்பட்டவை. அப்டேட் போடலாம், பேக்கப் பார்க்கலாம். கணக்காளர் அதில் உட்கார்ந்து வவுச்சர் போடுவது அந்த அனுமதிக்குள் வராது. வேறு நிறுவனத்தின் ரிமோட் மென்பொருளைப் போட்டால் ஆர்டிஎஸ் கேல் தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வதும் சரியல்ல. விண்டோஸ் சர்வரின் திரையை எந்தத் தொழில்நுட்பத்தால் பகிர்ந்தாலும் ஆர்டிஎஸ் கேல் வேண்டும் என்பதே மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. விண்டோஸ் 11 ப்ரோ கணினியில் ஏதாவது ஒட்டுப் போட்டுப் பல பேரை விடுவதும் ஒப்பந்த மீறல்தான். அதோடு மாதா மாதம் வரும் அப்டேட்டில் அந்த ஒட்டு எப்போது பிய்யும் என்று தெரியாது.

இன்னொன்று. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் மூன்று நான்கு பேர்தான், ஒவ்வொருவருக்கும் ஆபீஸில் சொந்தமாக விண்டோஸ் ப்ரோ கணினி இருக்கிறது என்றால் செஷன் ஹோஸ்டே வேண்டாம். விபிஎன் (இணையத்தின் வழி ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதை) போட்டு அவரவர் தன் கணினிக்குள் நுழையட்டும். ஒரு ஆள், ஒரு கணினி என்ற அந்தக் கணக்கில் ஆர்டிஎஸ் கேல் செலவு கிடையாது. ராத்திரியிலும் கணினி அணையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணுவது எப்படி

"ஒரே நேரத்தில் எட்டுப் பேர்தான் வருவார்கள், எட்டு வாங்கினால் போதும்." அதிகம் கேட்கிற தவறு இது. ஆர்டிஎஸ் கேலில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கே கிடையாது. மாதத்துக்கு ஒரு நாள் வந்து ரிப்போர்ட் பார்க்கிற பங்குதாரரும் ஒரு ஆள்தான். டாலி1, டாலி2 என்று பொது லாகின் உருவாக்கி மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் மூன்று ஆளுக்கு மூன்று. லாகின் பெயரை எண்ணுவதில்லை, மனிதரை எண்ணுகிறார்கள்.

ஒரு எக்செல் தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள். முதல் பட்டியலில் சர்வருக்குள் வரக்கூடிய எல்லா ஆட்களும்: நிரந்தர ஊழியர், ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர், பகுதிநேரக் கணக்காளர், வெளியிலிருந்து பார்க்கும் ஆடிட்டர். இரண்டாவது பட்டியலில் எல்லாக் கருவிகளும்: ஆபீஸ் கணினி, லேப்டாப், வீட்டுக் கணினி, முதலாளியின் ஐபேட், ரிமோட் டெஸ்க்டாப் ஆப் போட்ட செல்போன் வரை. கருவிப் பட்டியலை உட்கார்ந்த இடத்தில் எழுதக் கூடாது. ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். கேட்டால் வீட்டில் மகனின் லேப்டாப்பிலிருந்தும் உள்ளே வருவதாக யாராவது சொல்வார்கள். அதுவும் ஒரு கருவி.

இப்போது இரண்டு எண் கையில் இருக்கும். எது சின்னதோ அதன் பக்கம் போவதுதான் பொது விதி. ஆள் குறைவென்றால் பெர் யூசர், கருவி குறைவென்றால் பெர் டிவைஸ்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், நெல்லித்தோப்பில் கிளை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 ஆட்கள். ஆபீஸ் கணினி 11, லேப்டாப் 6, வீட்டுக் கணினி 4, பங்குதாரர்களின் போன் 2 என்று 23 கருவி. இங்கே யோசிக்கவே வேண்டாம், பெர் யூசர் 14. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி எந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்தாலும் அதே ஆளுக்கு அதே லைசென்ஸ்.

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை என்றால் கணக்கு அப்படியே மாறும். கேட், எடைமேடை, ஸ்டோர்ஸ், லேப் என 9 கணினி. மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து 31 பேர். பெர் டிவைஸ் 9 போதும். ஷிஃப்ட் மாறும்போது ஆள் மாறலாம், கணினி மாறுவதில்லை.

சிக்கல் இரண்டும் கலந்த இடத்தில்தான். அதே ஆலையில் 6 மேலாளர்கள், அவர்களிடம் மட்டும் லேப்டாப், வீட்டுக் கணினி, போன் என்று 15 கருவி. எல்லாம் பெர் டிவைஸ் என்றால் 24. எல்லாம் பெர் யூசர் என்றால் 37. ஷிஃப்ட் கணினிகளுக்கு 9 டிவைஸ், மேலாளர்களுக்கு 6 யூசர் என்று பிரித்தால் 15. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு செஷன் ஹோஸ்டுக்கு ஒரே முறையைத்தான் வைக்க முடியும். லைசென்ஸ் சர்வரில் இரண்டு வகையும் இருக்கலாம், செஷன் ஹோஸ்டில் முடியாது. பிரிக்க வேண்டுமானால் செஷன் ஹோஸ்ட் இரண்டு வேண்டும். டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வர்) ஒன்று, செஷன் ஹோஸ்ட் இரண்டு, ஆக மூன்று விர்ச்சுவல் மெஷின். மேலே சொன்ன இரண்டு என்ற எல்லை இங்கேதான் குறுக்கே வருகிறது. மூன்றாவதுக்கு எல்லாக் கோர்களுக்கும் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் மறுபடியும் எடுக்க வேண்டும். 9 ஆர்டிஎஸ் கேல் மிச்சப்படுத்த 16 கோர் லைசென்ஸ் வாங்குவது கட்டுப்படியாகிறதா என்று விலை வந்ததும் கூட்டிப் பாருங்கள். இந்த அளவு ஆலைக்கு 24 டிவைஸ் வாங்கி ஒரே செஷன் ஹோஸ்டில் முடிப்பதும், மேலாளர்களின் போன்களை உள்ளே விடாமல் அந்த 24-ஐயே குறைப்பதும்தான் நல்ல வழி என்பது எங்கள் கணிப்பு. பராமரிக்க வேண்டிய மெஷின் ஒன்று குறையும்.

சாதாரண கேல் எந்த வகை என்பது தனி முடிவு. ஆர்டிஎஸ் கேல் பெர் யூசர் என்பதற்காக அதுவும் யூசராக இருக்க வேண்டியதில்லை.

டொமைன் இல்லாத ஆபீஸ்

பெர் யூசர் என்று முடிவு செய்கிறவர்கள் ஆக்டிவ் டைரக்டரி, அதாவது டொமைன், இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டொமைன் இல்லாமல் ஒவ்வொரு கணினியும் தன் லாகினைத் தானே வைத்திருக்கும் ஒர்க்குரூப்பில் பெர் யூசர் வேலைக்கு ஆகாது. விண்டோஸ் சர்வர் 2019-லிருந்து இது பட்டவர்த்தனமாகத் தெரியும்: ஆள் உள்ளே நுழைவார், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸில் பிரச்சினை, 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு பெட்டி வரும், சொன்னபடியே துண்டிக்கும். திரும்ப நுழைந்தால் மறுபடியும் அதே. லைசென்ஸ் காசு கொடுத்து வாங்கியது, சர்வரில் பச்சை டிக் தெரிகிறது, ஆனாலும் மணிக்கு ஒரு தடவை வெளியே தள்ளுகிறது என்றால் காரணம் இதுதான்.

வழி இரண்டு. டொமைன் போடுவது, அல்லது பெர் டிவைஸுக்கு மாறுவது. பத்துக்கு மேல் ஆள் இருக்கிற ஆபீஸில் டொமைன் போடுவதே மேல். பாஸ்வேர்ட், பாலிசி எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். லைசென்சிங் மேனேஜரில் ஒரு வகையை இன்னொன்றாக மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் நீங்கள் வாங்கிய ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பு

விதி சின்னது. ஆர்டிஎஸ் கேலின் பதிப்பு செஷன் ஹோஸ்டின் பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். 2022 கேலை வைத்து 2022, 2019, 2016 செஷன் ஹோஸ்டுக்குள் போகலாம். 2019 கேலை வைத்து 2022-க்குள் போக முடியாது. லைசென்ஸ் சர்வரின் விண்டோஸும் கேலின் பதிப்புக்குக் கீழே இருக்கக் கூடாது. 2019 சர்வரில் லைசென்சிங் ரோல் இருக்கிறது, கடைக்காரர் 2025 கேல் கொடுத்துவிட்டார் என்றால் அது அதில் ஏறாது.

எந்தப் பதிப்பு வாங்குவது? 2012 ஆர்2-க்கான ஆதரவு அக்டோபர் 2023-லேயே முடிந்துவிட்டது. 2016-க்கு ஜனவரி 2027 வரை, 2019-க்கு ஜனவரி 2029 வரை, 2022-க்கு அக்டோபர் 2031 வரை. இன்றைக்குப் புதிதாகப் போடுகிறவர்கள் 2022-க்குக் கீழே போகக் காரணமே இல்லை. உங்கள் ஈஆர்பி மென்பொருள் 2025-ல் ஓடும் என்று அதைச் செய்தவர் உறுதி சொன்னால் 2025.

வாங்கும்போது

சில்லறைப் பொதியில் ஐந்து ஐந்தாக வரும். சிஎஸ்பி (க்ளவுட் சொல்யூஷன் ப்ரொவைடர் என்ற மைக்ரோசாஃப்ட் விற்பனையாளர்) என்கிற வழியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கின் பேரிலேயே ஒன்றொன்றாகவும் வாங்கலாம். 14 வேண்டுமென்றால் 14. பழைய ஓப்பன் லைசென்ஸ் முறையில் புதிதாக வாங்குவது 2021 முடிவோடு நின்றுவிட்டது. இன்னும் அந்தப் பெயரில் விலை கொடுக்கிறவரிடம் எச்சரிக்கை. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஐம்பது பேர் சாவிகளும் அப்படித்தான். ஆக்டிவேட் ஆகும், ஆனால் தணிக்கை வரும்போது காட்ட இன்வாய்ஸ் இருக்காது.

கடலூரும் புதுச்சேரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஜிஎஸ்டிக்கு இரண்டு தனி மாநிலம்: 33, 34. சென்னை விற்பனையாளர் கடலூர் பதிவு எண்ணுக்கு பில் போட்டால் 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி. புதுச்சேரி எண்ணுக்குப் போட்டால் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி. எந்த எண்ணில் பில் வருகிறதோ அந்த எண்ணில்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். கிளைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்குகிறீர்கள் என்றால் எந்தப் பதிவில் என்று உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். பில்லை மாற்றி வாங்குவது பெரிய அலைச்சல்.

விலைப்பட்டியல் கேட்கும்போது கோர் லைசென்ஸ், சாதாரண கேல், ஆர்டிஎஸ் கேல் மூன்றையும் தனித்தனி வரியில், பதிப்பும் வகையும் எண்ணிக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நிறுவுவது

14 பேர் ஆபீஸுக்கு இந்த அமைப்பு போதும். பெட்டியில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி மட்டும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் ஷேர், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங். இன்னொன்றில் செஷன் ஹோஸ்ட் மட்டும். டொமைன் கன்ட்ரோலரின் மேலேயே செஷன் ஹோஸ்டைப் போட்டால் ஊழியர்கள் எல்லாரையும் சாவி இருக்கிற பீரோவுக்குள்ளேயே உட்கார வைத்த மாதிரி ஆகும். லைசென்சிங் ரோலுக்குச் சுமை கிடையாது, அது டொமைன் கன்ட்ரோலரில் இருக்கலாம். செஷன் ஹோஸ்டுக்கு நினைவகம் தாராளமாக வேண்டும்: டாலி, எக்செல், இரண்டு மூன்று ப்ரவுசர் டேப் திறக்கிற ஆளுக்கு இரண்டரை ஜிபி என்று வைத்து, விண்டோஸுக்கு 4 ஜிபி சேர்த்தால் 14 பேருக்கு 39 வரும். 48 போடுங்கள். டிஸ்க் கண்டிப்பாக எஸ்எஸ்டி.

முதலில் லைசென்ஸ் சர்வர். சர்வர் மேனேஜரில் ரோல் சேர்க்கும் இடத்தில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸுக்குக் கீழே ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங்கைத் தேர்ந்து நிறுவுங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் மேனேஜரைத் திறந்து, சர்வர் பெயரில் வலது க்ளிக், ஆக்டிவேட் சர்வர். மூன்று வழி காட்டும். தானாக இணைவது, ப்ரவுசர் வழி, தொலைபேசி வழி. இணையம் இருந்தால் தானாக இணைவதே சுலபம். அதற்கு 443 போர்ட் வெளியே போக விட்டிருந்தால் போதும். நிறுவனப் பெயரை ஒப்பந்தத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

அதே விஸார்டு லைசென்ஸ் நிறுவும் பக்கத்துக்கு அழைத்துப் போகும். இங்கே எந்த வகையில் வாங்கினீர்கள் என்று கேட்கிறது, பலர் தடுமாறுவது இந்தக் கேள்வியில். 25 எழுத்துச் சாவி கையில் இருந்தால், அது சிஎஸ்பி வழி வந்ததானாலும், லைசென்ஸ் பேக் என்பதைத் தேர்ந்து சாவியை இடுங்கள். பெரிய நிறுவன ஒப்பந்தம் என்றால் ஒப்பந்த எண்ணைக் கேட்கும்; பதிப்பு, வகை, எண்ணிக்கை மூன்றையும் நீங்களே தேர்வு செய்ய வேண்டும். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பெர் யூசர் வாங்கிவிட்டு இங்கே பெர் டிவைஸ் என்று போட்டுவிட்டால் சரிசெய்வது தனி வேலையாகிவிடும்.

டொமைனில் இருந்தால் லைசென்ஸ் சர்வரின் கணினிக் கணக்கு "டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ்" என்ற குழுவில் இருக்கிறதா பாருங்கள். மேனேஜரில் சர்வர் பெயரில் வலது க்ளிக் செய்து ரிவ்யூ கான்ஃபிகரேஷன் பார்த்தால் மஞ்சள் முக்கோணம் இதைச் சொல்லும். அங்கேயே பொத்தானை அழுத்திச் சேர்த்துவிடலாம். சேர்க்காவிட்டால் ஆட்கள் உள்ளே வருவார்கள், ஆனால் யாருக்கு லைசென்ஸ் போனது என்ற பதிவு டைரக்டரியில் விழாது. ஈவென்ட் வியூவரில் 4105 என்ற எண் வந்துகொண்டே இருக்கும்.

இனி செஷன் ஹோஸ்ட். ரோலைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகே டாலியும் மற்ற மென்பொருளும் நிறுவ வேண்டும். முன்னதாகவே நிறுவியவை பல பேர் சூழலில் குழப்பும். லைசென்ஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்பதைச் செஷன் ஹோஸ்ட் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், லைசென்சிங் என்று இறங்குங்கள். அங்கே இரண்டு பாலிசி: ஒன்றில் லைசென்ஸ் சர்வரின் பெயர், இன்னொன்றில் லைசென்சிங் முறை. இரண்டையும் இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு விட்டால் 120 நாள் கழித்துத்தான் தெரியும்.

முடிந்ததும் அதே சர்வரில் லைசென்சிங் டயக்னோசர் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். முறை, பதிப்பு, கிடைக்கும் லைசென்ஸ் எண்ணிக்கை மூன்றும் சரியாக வந்து எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால்தான் வேலை முடிந்தது. ஆள் உள்ளே வருகிறார் என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை, அவகாசக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம்.

எங்கே சறுக்கும்

பெர் டிவைஸில் ஒரு கருவி முதல் முறை வரும்போது 90 நாள் தற்காலிக லைசென்ஸ் கிடைக்கும். அடுத்த முறை வரும்போது நிரந்தரமானது. நிரந்தரம் என்ற பெயர்தான், அதற்கும் 52 முதல் 89 நாளுக்குள் ஏதோ ஒரு காலாவதித் தேதி உண்டு. காலாவதிக்கு ஏழு நாள் முன்னிருந்து கருவி வரும்போது தானாகப் புதுப்பிக்கும். வராமலே இருந்தால் லைசென்ஸ் கையிருப்புக்குத் திரும்பிவிடும். விளைவு என்னவென்றால், ஒரு கணினிக்கு விண்டோஸ் மறுபடி போட்டால் அது புதுக் கருவியாகத் தெரிந்து இன்னொரு லைசென்ஸை எடுத்துக்கொள்ளும். பழையது திரும்ப வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம்கூட ஆகலாம். அவசரத்துக்கு மேனேஜரில் பழையதை ரத்து செய்யலாம், ஆனால் ஒரு பதிப்பின் மொத்தத்தில் 20 சதவீதம் வரைதான். பத்து வைத்திருந்தால் இரண்டு. ஆகவே எண்ணியதற்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கிவைப்பது வீண் செலவல்ல.

தின் க்ளையன்ட் (சர்வரின் திரையைக் காட்டுவதற்கென்றே உள்ள சின்னக் கணினி) வைத்திருக்கும் ஆலைகளில் இன்னொரு கூத்து. அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிற மாதிரி சிலவற்றை அமைத்திருப்பார்கள். அப்போது பெற்ற லைசென்ஸும் அழிந்துவிடும். தினம் காலையில் புதிதாக ஒன்று கேட்கும், இரண்டு வாரத்தில் கையிருப்பு காலி. லைசென்ஸ் சேமிக்கிற இடத்துக்கு மட்டும் விதிவிலக்கு தரும் அமைப்பு அந்தக் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு கணினி மட்டும் லைசென்ஸ் பிழை சொல்லி நுழைய மறுத்தால் கோளாறு சர்வரில் இல்லை. அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்) மைக்ரோசாஃப்ட் கிளைக்குக் கீழே எம்எஸ் லைசென்சிங் என்ற பதிவு இருக்கும். காப்பி எடுத்துவைத்துவிட்டு அதை அழித்து, ரிமோட் டெஸ்க்டாப் நிரலை ஒருமுறை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் புதிதாக உருவாகிவிடும். சாதாரணப் பயனராகத் திறந்தால் எழுத அனுமதி இல்லாமல் மறுபடியும் பிழைதான்.

எல்லாக் கணினியும் ஒரே நாளில் மறுத்தால் ஈவென்ட் வியூவரில் 1128 இருக்கிறதா பாருங்கள். அவகாசம் முடிந்தது, லைசென்ஸ் சர்வரோடு பேச்சு இல்லை என்று அர்த்தம். பாலிசி இரண்டும் இருக்கின்றனவா, இரண்டு மெஷினுக்கும் இடையே ஃபயர்வாலில் 135 போர்ட்டும் அதோடு வரும் 49152-க்கு மேற்பட்ட போர்ட்களும் திறந்திருக்கின்றனவா என்று அந்த வரிசையில் பாருங்கள். அவகாசத்தை ரெஜிஸ்ட்ரியில் அழித்து மறுபடியும் 120 நாள் ஆக்கும் வித்தையை இணையத்தில் நிறையப் பேர் சொல்லித் தருகிறார்கள். அது ஒப்பந்த மீறல், தீர்வும் இல்லை.

பெர் யூசரில் நேர் எதிரான சிக்கல். லைசென்ஸ் சர்வர் கணக்கு வைக்கும், தடுக்காது. ஐந்து வாங்கி இருபது பேர் போனாலும் கதவு திறக்கும். மேனேஜரில் ரிப்போர்ட் உருவாக்கினால் எத்தனை வழங்கப்பட்டது என்று தெரியும். காலாண்டுக்கு ஒரு முறை அதை எடுத்து ஊழியர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் லைசென்ஸைப் புதியவருக்கு மாற்றலாம், ஆனால் ஒரு லைசென்ஸை 90 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கைமாற்றக் கூடாது. விடுப்பில் போனவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வருபவருக்கு அந்தத் தடை இல்லை.

மேலே ஓடும் மென்பொருள்

ஆர்டிஎஸ் கேல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் போதாது. கணினியோடு வந்த ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸை செஷன் ஹோஸ்டில் போட முடியாது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் பகிர்ந்த கணினியில் ஆக்டிவேட் செய்யும் உரிமை எல்லாத் திட்டத்திலும் இல்லை: பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது, பிசினஸ் ப்ரீமியத்தில் உண்டு, ஆப்ஸ் ஃபார் என்டர்ப்ரைஸில் உண்டு. சந்தா இல்லாமல் நிறுவனங்களுக்கு வால்யூம் லைசென்ஸில் வரும் ஆபீஸ் எல்டிஎஸ்சி என்றால் உள்ளே வரும் கருவி ஒவ்வொன்றுக்கும் எண்ண வேண்டும். நாலு பேர்தான் எக்செல் பயன்படுத்துவார்கள் என்றால் அவர்கள் தங்கள் லேப்டாப்பிலேயே எக்செலைத் திறந்து ஃபைல் ஷேரில் சேமிக்கட்டும்.

டாலியில் சில்வர் ஒற்றைப் பயனருக்கு, பல பேர் என்றால் கோல்டு. இதை விலை பேசும்போதே கணக்கில் சேருங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் சர்வரின் யூஎஸ்பியில் சொருகிவிட்டு ரிமோட்டில் தாக்கல் செய்யப் பார்த்தால் அந்த டோக்கன் பெரும்பாலும் கண்ணில் படாது. டோக்கன் கையில் இருக்கிறவர் தன் கணினியிலேயே தாக்கலை முடிக்கட்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். லைசென்ஸைவிட அதுதான் அதிக நேரம் தின்னும்.

வெளியிலிருந்து வருவது

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். போர்ட் எண்ணை மாற்றி வைப்பதும் பாதுகாப்பாகாது. விபிஎன், இல்லையென்றால் 443-ல் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே. கேட்வே வழி வருபவருக்கும் ஆர்டிஎஸ் கேல் அதேதான். சில இணைய இணைப்புகளில் பொது ஐபி கிடைப்பதில்லை. கிளைக்கும் தலைமைக்கும் நடுவே விபிஎன் போடுமுன் நிலையான ஐபி உண்டா என்று சேவை தருபவரிடம் கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்

2011 தானே புயலும் 2015 வெள்ளமும் 2024 ஃபெங்கல் புயலும் பார்த்த ஊர்கள் கடலூரும் புதுச்சேரியும். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் விஷயத்தில் செய்ய வேண்டியது வேறு. 25 எழுத்துச் சாவி, ஒப்பந்த எண், லைசென்ஸ் சர்வர் அடையாள எண், இன்வாய்ஸ் இவற்றை அச்செடுத்து ஒரு பிரதியை இன்னொரு ஊரில் இருக்கும் கிளையிலும், ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். லைசென்சிங் மெஷினின் பேக்கப்பில் விண்டோஸ் சிஸ்டம் 32-க்குள் இருக்கும் எல்சர்வர் அடைவு சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.

சர்வர் போய்விட்டால் பெர் டிவைஸில் ஏற்கெனவே நிரந்தர லைசென்ஸ் பெற்ற கணினிகள் அது காலாவதியாகும் வரை உள்ளே வரும். புது மெஷினில் லைசென்சிங் ரோல் போட்டு ஆக்டிவேட் செய்து, மேனேஜரில் மேனேஜ் லைசென்சஸ் விஸார்டைத் திறங்கள். பழைய சர்வரிலிருந்து மாற்றுவது, அழிந்த தரவுத்தளத்தை மறுபடி கட்டுவது என்று இரண்டும் அதில் உண்டு. பழையது ஓடவில்லை என்பதைத் தேர்ந்தால் சாவியைக் கேட்கும். பிறகு குரூப் பாலிசியில் சர்வர் பெயரை மாற்றி, செஷன் ஹோஸ்டில் பாலிசியைப் புதுப்பித்து, டயக்னோசரை இன்னொரு முறை பாருங்கள். புது மெஷினுக்கும் பழைய பெயரையே வைத்தால் பாலிசியைத் தொட வேண்டியதில்லை.